மகரவல்லியின் நடை

கண்ணை மூடு என்கிறார் தங்கப்பழம் அண்ணன், மூடுகிறேன். இமைமேல் அவர் விரல், விரலில் பீடி வாசம், அதற்கும் அடியில் தேங்காயெண்ணெய். முதல் பாதியின் மகாராணியை எண்ணெய் தொட்ட பஞ்சால் துடைத்து எடுத்துவிட்டார், இப்போது அதே முகத்தில் கடைசிக் காட்சியின் பைத்தியக்காரியை வரைகிறார், கண்ணுக்குக் கீழே கரி, கன்னக்குழியில் சாம்பல் நிறம். வெளியே இடைவேளை. கதவுக்கு அந்தப் பக்கம் கூடம் இரைகிறது, யாரோ முறுக்கு முறுக்கு என்று வரிசை வரிசையாகப் போகிறார்கள், ஒரு குழந்தை அழுகிறது, அழட்டும். கொஞ்ச நேரத்தில் மணி அடிக்கும், நான் போய் நடுமேடையில் நிற்க வேண்டும், நாற்காலி தட்டுவார்கள். மூன்றாவது வரிசையில் அம்மா இருக்கிறாள். வரமாட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன். சாயங்காலம் வீட்டை விட்டுக் கிளம்பும்போது எத்தனை மணிக்குத் திரை எடுப்பாங்க என்று கேட்டாள், சும்மா கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன், அம்மா எதையும் சும்மா கேட்டதில்லை என்பது அப்போது எனக்கு எங்கே போயிற்று. முதல் காட்சிக்கு முன் திரையிலிருக்கும் ஓட்டை வழியாகப் பார்த்தேன். நீலச் சேலை, மடியில் கைப்பை, முதுகு நாற்காலியில் படாமல் நிமிர்ந்து. கூடம் நிறைந்து சுவரோரம் ஆள் நிற்கிறது, அவளுக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி காலி, அந்தப் பக்கம் ஒரு நாற்காலி காலி. மூஞ்சியைச் சுருக்காத என்கிறார் தங்கப்பழம் அண்ணன், கோடு கோணுது. சுருக்கவில்லை அண்ணே என்கிறேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. என் குரல் எப்போதும் அப்படித்தான், ஆண்டியப்பன் சார் ஒத்திகைக்கு ஒத்திகை தலையில் அடித்துக்கொள்வார், ராணி பேசுதாளா பூனைக்குட்டி பேசுதா என்று.

எங்கள் சபைக்கு ஆண்டுவிழா என்றால் நாடகம், நாடகம் என்றால் மகரவல்லி. தை மாதம், இதே ஆட்கள், இதே திரை, பெண் வேஷமும் ஆண்களே கட்டுவது. வேறு நாடகம் போடலாமே என்று யாராவது சொன்னால் கமிட்டியில் சிரிப்பார்கள். கதை ஊரில் நண்டு சிண்டுக்கெல்லாம் தெரியும். ராஜா விசயமாறனின் தம்பி களஞ்சியத்து நெல்லைத் திருடி விற்கிறான், ராஜா நீதி தவறாமல் தம்பியின் தலையை வாங்குகிறான், அந்த இடத்தில் கூடம் எழுந்து நின்று பூ எறியும், பூ எறிவதற்கென்றே வீட்டிலிருந்து பொட்டலம் கட்டிக்கொண்டு வருவார்கள். பிறகு ராஜா போரில் சாகிறான், ராணி மகரவல்லி ஆளுகிறாள். அவளுடைய தம்பி தன் வயலுக்காக ஆற்றை மறிக்கிறான். அவள் தலையைக்கூட வாங்கவில்லை, சிறையில்தான் வைக்கிறாள், அவன் அங்கே காய்ச்சலில் சாகிறான். அதற்கப்புறம் மழையில்லை, மாடு சாகிறது, ஊர் அவளைத் தம்பியைத் தின்னவள் என்கிறது, அவளுக்குப் புத்தி பேதலித்து, தலைவிரி கோலமாக வந்து தன்னைத்தானே சபித்துக்கொண்டு விழுகிறாள். விழுமுன் நடுமேடையில் வந்து நிற்கும்போது கூடம் அவளைச் சும்மா விடாது. கொட்டகை காலத்தில் தரையிலிருந்து மண்ணை அள்ளித் தூற்றுவார்களாம், வேஷக்காரர் கண்ணில் மண் விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போன கதையெல்லாம் உண்டு. இந்தச் சிமெண்டுக் கூடம் வந்தபின் மண் இல்லை, அதனால் நாற்காலி. உட்கார்ந்தபடியே பின்கால்களைத் தூக்கித் தூக்கித் தரையில் அடிப்பார்கள், இரும்பு நாற்காலி, கூரைத் தகடெல்லாம் அதிரும். அந்தச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் ராணி வாயைத் திறக்கலாம். சத்தம் எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவு நல்ல ராணி. எனக்கு முன்னால் வேஷம் கட்டிய பால்வண்ணம் அண்ணன், இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார், அந்தச் சத்தத்தை நினைத்தாலே தூக்கம் வராது தம்பி, கல்யாணத்தன்னைக்குக்கூட எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் இல்ல என்பார். அந்த இரும்பு நாற்காலிகளை வாங்கிப் போட்டது அம்மாதான். சேர்மனாக இருந்த முதல் வருஷம். அதற்கு முன் பிளாஸ்டிக், தட்டினால் சத்தமே வராது, உடையும்.

சேர்மனம்மா. தங்கப்பழம் அண்ணன் இன்னும் அப்படித்தான் சொல்கிறார், பதவி போய் மாதங்களாகிவிட்டன. உலகம்மாள் என்று பேர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாத ஊரில் அவள் வாய்க்காலைத் திறக்கப் போனாள். ஊருக்கு நடுவில் போகும் வாய்க்கால், மேலே கடைகள், சாக்கடை போக வழியில்லாமல் மழைக்காலத்தில் கீழத்தெரு வீடுகளில் முழங்காலளவு நிற்கும். எல்லாருக்கும் நோட்டீஸ் போயிற்று, யாரும் அசையவில்லை, முதலில் உன் தம்பி கடையை எடு பார்ப்போம் என்றார்கள். எடுத்தாள். குற்றாலிங்கம் மாமாவின் மோட்டார் காயில் கட்டுகிற கடையில்தான் முதல் கடப்பாரை விழுந்தது. மாமா எதிரே டீக்கடையில் நின்று பார்த்தாராம், கையில் டீ கிளாசோடு, குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. நான் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்தேன், இதெல்லாம் போனில் வந்த கதை. மாமா அம்மாவோடு பேச்சை நிறுத்தினார். நான் லீவுக்கு வந்தால் மட்டும் மருமவனே என்று தோளில் கை போடுவார், உங்கம்மாவைக் கேட்டதாச் சொல்லாத என்பார், அது ஒரு மாதிரி கேட்பதுதான். மழைக்காலம் முடியுமுன் மாமா மாரடைப்பில் போய்விட்டார். வாய்க்கால் ஓடியது, கீழத்தெருவில் அந்த வருஷம் தண்ணீர் ஏறவில்லை, அதை யாரும் பேசவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து உடலோடு அம்மா வந்திறங்கியதைப் பேசினார்கள். செத்தானான்னு பாக்க ஆஸ்பத்திரி வரைக்கும் போயிருக்கா. பந்தலுக்கு ஆள் சொன்னாள், ஐஸ்பெட்டிக்குச் சொன்னாள், அத்தைக்குச் சர்க்கரை இல்லாத காப்பி கொடுக்கச் சொன்னாள், கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. கல்லு என்றார்கள், பொம்பளையா இது. எனக்கும் தோன்றியது. அதை இந்தக் கண்ணாடிக்கு முன்னால் இல்லை என்று சொல்ல முடியாது. மாமாவின் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டு நானும் அம்மாவின் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், இப்போ அழுவாள் இப்போ அழுவாள் என்று, நாடகத்தில் உட்கார்ந்தவன் மாதிரி. பிறகு கவுன்சிலர்கள் கூடிக் கையைத் தூக்கி அவளை இறக்கினார்கள். அவள் மேஜை டிராயரில் இருந்த தலைவலித் தைலத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

உதட்டை விரி. விரிக்கிறேன். அம்மாவைப் பெற்ற தாத்தா ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு கதை சொல்லும்போது இப்படித்தான் உதட்டை விரித்து ராணிகளைச் செய்து காட்டுவார், ராஜாவுக்கு நெஞ்சை நிமிர்த்துவார், ராணிக்கு உதட்டை விரிப்பார். அவர் கதையில் சாவி வைத்திருக்கிற பெண்கள் யாரும் படுக்கையில் சாகமாட்டார்கள், கிணறு, தீ, பாம்பு, ஏதாவது ஒன்று காத்திருக்கும். ஒருமுறை கேட்டேன், அந்த ராணி என்ன தாத்தா தப்பு செஞ்சா. வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு யோசித்தார். தப்பு என்னல தப்பு, கதை முடியணும்லா. அவருக்கு அது போதும், எனக்கும் அப்போது போதும், தூங்கிவிட்டேன். அவருடைய மகள் அந்த நேரம் அடுப்படியில் உட்கார்ந்து தேர்தலுக்குப் பேர் கொடுக்கலாமா என்று என் அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்திருப்பாள்.

நடை எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. முதல் ஒத்திகைகளில் பால்வண்ணம் அண்ணனைப் போல இடுப்பை ஒடித்து நடந்தேன், ஆண்டியப்பன் சார் சந்தைக்குப் போறா என்றார். ஒருநாள் மனசு எங்கேயோ இருக்க, மேடையின் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தேன், தலை நிமிர்ந்து, ஒரு கால் அழுத்தமாகவும் ஒரு கால் அதற்குப் பின்னால் கொஞ்சம் தாமதித்தும், அவசரப்படாமல், எதிரில் இருப்பவன் காத்திருக்கட்டும் என்பது போல. சார் எழுந்து நின்றுவிட்டார். ஏ இதுதாம்ல, இதை விட்டுராத, இந்தத் திமிரு போதும், வசனமே வேண்டாம் என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, எனக்குப் புரியவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போனேன், அம்மா கூடத்திலிருந்து அடுப்படிக்கு நடந்து போனாள். படித்து முடித்து ஊருக்கு வந்ததிலிருந்து அந்த நடையைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறேன், மாமா போனபிறகு அவளுக்கு வந்திருந்த நடை, மார்க்கெட்டில் அவள் முதுகுக்குப் பின்னால் சொல்வார்களே, தம்பியைத் தின்ன திமிரு நடக்கு பாரு என்று, அந்த நடை. மாற்றியிருக்கலாம். மறுநாள் மாற்றித்தான் நடந்தேன், சார் முகம் வாடியது, நேத்து வந்ததை எங்கல தொலைச்ச என்றார். திருப்பிக் கொண்டுவந்தேன். என் குரலைப் பற்றி அதற்கப்புறம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதல்முறையாக ஒருவன் என்னைப் பார்த்துப் பயந்தான், சிறைக்காட்சியில் தம்பி வேஷம் போடுகிற பையன், வேய் உம்ம நடையப் பாத்தா நெசமாவே ஒதறுது என்றான். எனக்கு நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததே என்பதுதான் இப்போது கரியோடு கரியாக முகத்தில் அப்பிக்கொண்டு எரிகிறது.

செத்துப்போன ராஜா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வடை தின்கிறார். மளிகைக்கடை சண்முகவேல் அண்ணாச்சி, ஒரு பக்க மீசையைப் பிய்த்தாயிற்று, மறுபக்கம் பசை விடவில்லை. அவர் மேலெல்லாம் ரோஜா இதழ், கழுத்து மடிப்பில்கூட ஒட்டியிருக்கிறது. என்ன மாப்ளே யோசனை என்கிறார். ஒன்றுமில்லை அண்ணாச்சி. பயமா. இல்லை. பயப்படாதவே என்று விரலை நக்கிக்கொள்கிறார். நான் தம்பியை ஒரே வெட்டா வெட்டிப்போட்டேன், பூப் போட்டானுவ. நீ உன் தம்பிக்கு ரெண்டு வேளை சோறு போட்டு உள்ளதான வச்ச, உனக்கு நாற்காலி. எல்லாம் இந்த மீசைல இருக்குவே. சிரிக்கிறார், தங்கப்பழம் அண்ணனும் சிரிக்கிறார், சிரித்த விரல் நடுங்கிக் கரி காதுவரை இழுத்துக்கொண்டு போகிறது, அதையும் பைத்தியத்தில் சேர்த்துக்கொள்கிறார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். முதல் பாதியில் ஒரே ஒருமுறைதான் அப்படி நடந்தேன், சிம்மாசனத்துக்கு. நடக்கும்போதே கூடத்தில் ஒரு சலசலப்பு, மூன்றாவது வரிசைக்குப் பின்னாலிருந்து, உஸ் உஸ் என்று, அப்புறம் ஒரு சிரிப்பை யாரோ கையால் பொத்தினார்கள். தெரிந்துவிட்டது. எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அவளுக்கு? கடைசிக் காட்சியில் மேடையின் ஓரத்திலிருந்து நடுமேடைவரை வேறு யாரும் இல்லாமல் நடக்க வேண்டும், நாடகத்திலேயே நீளமான நடை. அவள் நடையில் நடந்தால் இந்த ஊர் இதுவரை கேட்காத சத்தம் வரும், அது ராணிக்கா அவளுக்கா என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாத சத்தம், அவள் வாங்கிப்போட்ட நாற்காலிகளில். சந்தைக்குப் போகிறவள் மாதிரி நடந்தால் அவள் தப்பிப்பாள், நான் செத்தேன், அடுத்த வருஷம் வேறு ஒருவன். வேண்டாம், இடுப்பை ஒடித்தே நடந்துவிடுகிறேன். இல்லை, அந்தச் சத்தம் எனக்கு வேண்டும். ஒரே ஒருமுறை. இல்லை. ஏன் வந்தாள், இந்த வருஷம் மட்டும் வராமல் இருந்திருக்கக் கூடாதா, எல்லா வருஷமும் முதல் வரிசையில் மாலை போட்டு உட்கார வைத்தார்கள், இன்றைக்குச் சொந்தமாக டிக்கெட் எடுத்து மூன்றாவது வரிசைக்கு வர வேண்டுமென்று அவளுக்கு என்ன. பார், அவள்மேலேயே கோபம் வருகிறது. நாற்காலி தட்டப்போகிறவர்கள்மேல் வரவில்லை.

கதவு திறந்ததும் கூடத்தின் இரைச்சல் உள்ளே விழுந்தது, பிறகு அடைந்தது. தங்கப்பழம் அண்ணன் சட்டென்று எழுந்தார், சேர்மனம்மா என்றார். சண்முகவேல் அண்ணாச்சி வடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, வாங்க மயினி என்று சொல்லி, சொன்ன கையோடு முகம் வேர்த்துப்போய் வெளியே கிளம்பினார். நீங்க உங்க வேலையப் பாருங்க என்று அம்மா தங்கப்பழம் அண்ணனிடம் சொன்னாள். என் பின்னால் வந்து நின்றாள். கண்ணாடியில் மேலே அவள் முகம், கீழே கரி அப்பிய என் முகம், இரண்டுக்கும் ஒரே மூக்கு என்பதை நான் அதுவரை கவனித்ததில்லை. தங்கப்பழம் அண்ணன் டோப்பா முடியை அவிழ்த்து என் தோளில் பரத்தினார். அம்மா அதில் ஒரு சிக்கை எடுத்துவிட்டாள், பழக்கத்தில்.

"எய்யா, அந்த நடை என்னுதா?"

தலையை ஆட்டினேன்.

"கால் தப்பா இருக்கு. எனக்கு இடது முட்டி. நீ வலதைத் தாங்கி நடக்க."

தாங்கி என்றால் என்ன என்று எனக்கு ஒரு நிமிஷம் ஓடவில்லை. கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். அவள் சிக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலியாம்மா அது?"

"பின்ன என்னன்னு நெனச்ச?"

ஊர் என்ன நினைத்ததோ அதைத்தான் நினைத்தேன் அம்மா, அதற்குமேல் நினைக்க எனக்குத் தோன்றவில்லை, உன்னோடு ஒரே வீட்டில் சாப்பிட்டுத் தூங்கி எழுந்துகொண்டு. அவள் சிக்கை எடுத்தபடியே சொன்னாள், மீட்டிங்கில் பேசுகிற அதே தணிந்த குரல், அவள் எங்கேயும் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை, என் குரல் யாருடையது என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருக்கலாம். மாமா போன அன்றைக்கு அத்தை கடையநல்லூரில் தன் அம்மா வீட்டில் இருந்திருக்கிறாள். மாமா தனியாக மாடியில். பேசாமல் இருந்த மாமா போன் செய்திருக்கிறார், அக்கா மூச்சு முட்டுதுக்கா என்று. அம்மா ஓடியிருக்கிறாள். வெளியூர் ஆட்டோ ஒன்று தெருவில் போயிருக்கிறது, அந்த டிரைவர் காலைப் பிடிக்க, இவள் தலைமாட்டைப் பிடிக்க, மாடிப்படியில் இறக்கியிருக்கிறார்கள்.

"கனம்லா அவன். சின்னதுலயே தூக்க முடியாது. படி வழுக்கிட்டு. அவன் தல தரைல அடிச்சிரக்கூடாதேன்னு முட்டியக் குடுத்தேன். அதுல போனதுதான்."

தங்கப்பழம் அண்ணன் கையில் சீப்போடு சுவரைப் பார்த்து நின்றார்.

"ஏம்மா நீ சொல்லவே இல்ல?"

"யார்ட்ட?"

கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. நிஜமாகவே பேர் கேட்பது போலக் கேட்டாள், நான் ஒரு பேரைச் சொன்னால் போய்ச் சொல்லிவிட்டு வருவாள் போல. மணி அடித்தது. வெளியே நாற்காலிகள் இழுபட்டன. எடது கால், மறந்துராத என்றாள், முடியை என் தோளில் சரியாக விரித்துவிட்டு நடந்தாள், கதவு வரைக்கும் நான் அந்த முட்டியைப் பார்த்தேன், ஒவ்வொரு அடிக்கும் ஒரு சின்னத் தயக்கம், தயக்கத்தை மறைக்கத் தலை நிமிர்வது, அவ்வளவுதான், அதில் வேறு ஒன்றுமே இல்லை, எப்படி இத்தனை பேர் சேர்ந்து அதற்குள் ஒரு ராணியைக் கண்டுபிடித்தோம். வீட்டுக்குப் போ அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கூடத்துக்குப் போகிற கதவைத் திறந்தாள்.

திரையோரத்தில் இருட்டு, மேடையில் சிவப்பு விளக்கு, ஆண்டியப்பன் சார் என் முதுகைத் தட்டி, நட என்றார். இடது காலை வைத்தேன். மாமாவின் தலை அங்கே இருக்கிறது, அதன் கனம் முழுவதும் அங்கே, படி வழுக்குகிறது, விழக்கூடாது, அவன் தலை தரையில் படக்கூடாது. இப்படி நடந்தால் ஊருக்குப் புரியும் என்று எனக்குள் ஏதோ ஒன்று நம்பியது, சின்னப் பிள்ளைத்தனமாக, சரியாக நடந்தால் போதும், கால் மாறியிருந்ததுதான் தப்பு, அதைத் திருத்திவிட்டால் அவர்கள் பார்த்துவிடுவார்கள். வலது காலைக் கொண்டுவந்தேன். இடது. முட்டியில் நிஜமாகவே வலித்தது. நடுமேடைக்குப் பாதித்தூரம் இருக்கும்போதே பின்வரிசையில் முதல் நாற்காலிக்கால் தரையில் விழுந்தது, அடுத்தது, பிறகு எண்ண முடியாமல், கூரைத் தகடு நடுங்க, பால்வண்ணம் அண்ணன் கனவிலும் கேட்டிராத சத்தம். நடை முன்னைவிடச் சரியாக இருந்தது, அதனால் முன்னைவிட நன்றாக அவளை அடையாளம் கண்டுகொண்டார்கள். நின்றேன். ஓயும்வரை நிற்க வேண்டும், அதுதான் முறை. சிவப்பு விளக்குக்குக் கண் பழகியபோது அவள் தெரிந்தாள். மூன்றாவது வரிசை, இரண்டு பக்கமும் காலி. அவள் என்னைப் பார்க்கவில்லை. நாற்காலியின் முதுகில் ஒரு கையை ஊன்றி, உடம்பைத் திருப்பி, பின்னால் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒவ்வொரு முகமாக, வரிசை வரிசையாக, அவசரமில்லாமல். தெரிந்த முகங்கள்தான் எல்லாம், கீழத்தெரு முகங்களும் இருந்தன. எவரும் அவளைப் பார்க்கவில்லை. தட்டிக்கொண்டே, வாய் திறந்தபடி, அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள், அவ்வளவு கவனமாக என்னை யாரும் அதுவரை பார்த்ததில்லை. அவளைப் பார்க்காமல் இருப்பதற்கு அவர்களுக்கு நான் தேவைப்பட்டேன்.